பிஎச்பி ஸ்கிரிப்ட் ஓடுவது கிரானிலா, பிரவுசரிலா? கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி_கோடு:
ஆத்தங்குடி கல் விற்கும் கடையின் தளம். ராத்திரி 2 மணிக்குக் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் சர்வர் வசதி) ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் ஓடி, பணம் பாக்கியுள்ள ஆர்டர்களுக்கு நினைவூட்டல் மெயில் அனுப்பும். அந்த ஸ்கிரிப்டின் முகவரியைப் பிரவுசரில் யார் திறந்தாலும் அது ஓடி, மறுபடி மெயில் போகிறது. பிஎச்பி எந்த வழியில் ஓடுகிறது என்று சொல்லும் 'பிஎச்பி_சாபி' மாறிலி 'சிஎல்ஐ' (கட்டளை வரி) இல்லையென்றால் வெளியேறும்படி வைத்தேன். லேப்டாப்பில் சரி. ஹோஸ்டிங்கில் கிரானும் சேர்ந்து நின்றுவிட்டது. எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து) கையால் ஓட்டினால் ஓடுகிறது!

கானாடுகாத்தான்:
கிரான் வரியில் முழுப் பாதை இல்லாமல் வெறும் 'பிஎச்பி' என்று இருக்கிறதா? கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வேறு, எஸ்எஸ்எச்சின் பாத் வேறு. சில ஷேர்டு ஹோஸ்டிங்கில் கிரானுக்குக் கிடைப்பது சிஜிஐ பைனரி, அதாவது வெப் சர்வருக்கான பிஎச்பி நிரல். அப்போது சாபி 'சிஜிஐ-எஃப்சிஜிஐ' என்றுதான் வரும், உங்கள் சோதனை அதைத் தள்ளிவிடும். ஸ்கிரிப்டின் வெளியீட்டைக் கிரான் அனுப்பும் மெயிலில், உள்ளடக்கத்தின் தொடக்கத்தில் 'கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்று ஒரு வரி விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கிரான் வரியிலேயே ஒரு தடவை '-வி' போட்டு ஓடவிடுங்கள், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கும். பிறகு சிஎல்ஐ பைனரியின் முழுப் பாதையைக் கொடுத்தால் முடிந்தது.

கிரானில் 'கர்ல்' அல்லது 'டபிள்யூகெட்' வைத்து முகவரியைக் கூப்பிட்டால் அது வெப் கோரிக்கையேதான், சாபி ஒருநாளும் 'சிஎல்ஐ' ஆகாது.

பள்ளத்தூர்_பிஎச்பி:
'ஆர்க்வி' (கட்டளை வரியில் கொடுத்த சொற்களின் பட்டியல்) இருக்கிறதா என்று பார்க்கும் வழியை மட்டும் நம்பாதீர்கள். 'ரெஜிஸ்டர்_ஆர்க்சி_ஆர்க்வி' ஆன் செய்திருக்கும் சர்வரில், பிரவுசர் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் எதை அடித்தாலும் ஆர்க்விக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளியேறும்போது 'எக்ஸிட்'டுக்கு வாக்கியம் கொடுத்தால் அதை அச்சிட்டுவிட்டு 0 திருப்பும், வேலை வெற்றி என்று ஆகிவிடும். 1 கொடுங்கள். பிரவுசர் பக்கத்துக்கு 403.

சிஎல்ஐக்கு மாறியதும் இன்னொன்று உதைக்கும். அது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குத் தானாகப் போகாது. வேறு ஃபைல்களைச் சேர்க்கும் 'இன்க்ளூட்' பாதைகளை '__டிஐஆர்__' (அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர்) வைத்து எழுதுங்கள். நேர வரம்பும் அங்கே 0, அதாவது வரம்பே இல்லை. மெயில் சர்வர் தொங்கினால் மறுநாள் ஓட்டம் இதன்மேல் ஏறும். 'எஃப்லாக் -என்' போட்டு ஓட்டுங்கள், முந்தையது முடியாமல் புதியது தொடங்காது.

கானாடுகாத்தான்:
அதோடு, ஃபைலை 'பப்ளிக்_எச்டிஎம்எல்'லுக்கு (பிரவுசரில் திறக்கக்கூடிய ஃபோல்டர்) வெளியே ஒரு படி மேலே நகர்த்திவிடுங்கள். முகப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை விசாரிப்பதை விட, இரண்டாங்கட்டில் வைப்பது மேல். சோதனையும் இருக்கட்டும், நாளைக்கு யாராவது ஃபைலைத் திரும்ப வெளியே காப்பி எடுத்து வைப்பார்கள்.

காரைக்குடி_கோடு:
'-வி' காட்டியது 'சிஜிஐ-எஃப்சிஜிஐ'. முழுப் பாதை கொடுத்ததும் ஓடிவிட்டது. 'இன்க்ளூட்' உதைத்தது, அதையும் மாற்றிவிட்டேன். ரொம்ப நன்றி அண்ணே.