மளிகை சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டுவிடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

ரேக்நம்பர்7

மூன்று வருடமாக ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிறேன். பில்லிங்குக்கு என்று சேர்ந்தவன். இப்போது பில்லிங், ரேக் நிரப்புவது, லோடு வந்தால் குடோனில் இறக்குவது எல்லாம் என் தலையில். அது போதாதென்று ஃப்ளோர் இன்சார்ஜ் இரண்டு மாதத்துக்கு முன் நின்றுவிட்டதிலிருந்து அவருடைய சாவிக்கொத்தும் என்னிடம்தான். சம்பளம் மட்டும் அதே பில்லிங் சம்பளம். கேட்டால் ‘சீக்கிரம் ஆள் போடுகிறோம்’ என்கிறார் மேனேஜர், ஒவ்வொரு முறையும் அதே சுருதியில்.

திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கு ஷிப்ட் பட்டியல் ஞாயிறு இரவுதான் போனுக்கு வரும். இரவு 11 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால், மறுநாள் காலை 6:30-க்கு லோடு எடுக்க நானே வந்து நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படி ஆகிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ரேக்கில் பழைய விலைச் சீட்டு, சிஸ்டத்தில் புது விலை. ஒரு பெரியவர் பில்லைப் பார்த்துவிட்டு ‘ஏமாற்றுகிறாயா’ என்று கத்துகிறார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தச் சீட்டை மாற்ற வேண்டியவனும் நான்தான், மாற்ற நேரமில்லாமல் கவுன்ட்டரில் மாட்டிக்கொண்டவனும் நான்தான். பில்லை ரத்து செய்ய மேனேஜர் பாஸ்வேர்டு வேண்டும், அவர் போனை எடுக்கவில்லை. வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். அன்று இரவு கேஷ் டேலி ஆகவில்லை, குறைந்த பணம் என் சம்பளத்தில் பிடித்தம்.

மறுபக்கம், கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள், வீடு பக்கத்தில். வீட்டில் ‘கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்காதே’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நேர்ப்பேச்சு

விடுங்க. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் சம்பளத்துக்குச் செய்கிறீர்கள், அவர்கள் ஏன் புதிதாக ஆள் போடப் போகிறார்கள்? நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

முன்னாள்கேஷியர்

‘நாளைக்கே’ என்று சொல்வது சுலபம். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு விடுமுறை சீசன் நடுவில், கவுன்ட்டரிலேயே ஐடி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன். அரை மணி நேரம் ராஜா மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அனுபவக் கடிதம் கிடையாது, கடைசி மாதச் சம்பளத்தை நோட்டீஸ் காலத்துக்குக் கழித்துக்கொண்டார்கள், நேர்காணலுக்குப் போன இடத்தில் ‘முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்’ என்று கேட்டால் வாயில் வார்த்தை வரவில்லை. ஐந்து மாதம் அலைந்து கடைசியில் இன்னொரு மளிகைக் கடையில் அதே பில்லிங். பச்சை யூனிஃபார்முக்குப் பதில் நீலம், அவ்வளவுதான்.

இரண்டாவது கடையில்தான் ஒரு காரியம் செய்தேன், தம்பி. ஷிப்ட் முடிந்ததும் அன்று எதனால் எரிச்சல் வந்தது என்று போனில் ஒரு வரி எழுதி வைப்பேன். மூன்று வாரம் கழித்துப் படித்தால் எனக்கே ஆச்சரியம். வாடிக்கையாளர்கள் பேசுவதுதான் என் பிரச்சினை என்று நினைத்திருந்தேன், எழுதியதில் பாதிக்கு மேல் மூடிவிட்டுப் போய் மறுநாளே திறக்க வந்த காலைகள்! தூங்காமல் வந்தால் நல்ல மனிதர் பேசினாலும் கோபம் வரும்தானே. உங்கள் கணக்கில் 11-லிருந்து 6:30 வரை ஏழரை மணி நேரம், அதில் வீட்டுக்குப் போய் வருவது, குளிப்பது, சாப்பிடுவது போக எத்தனை மணி நேரம் தூக்கம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 வேலைநேர விதி, 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்னவோ, அதையும் பாருங்கள். எல்லா இடத்திலும் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சோம்பேறி இல்லை என்பதாவது தெரியும்.

அந்த ஒரு விஷயத்தை மட்டும் மேனேஜரிடம் கேட்டேன், ராத்திரி மூடினால் மறுநாள் மதிய ஷிப்ட் போடுங்கள் என்று. ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் இரண்டு வருடம் அங்கேயே ஓட்டினேன்.

கேஷ் பிடித்தம் பற்றி மட்டும் ஒன்று. உங்கள் டிராயரில் வேறு யாராவது கை வைக்கிறார்களா? ஒரே டிராயரை மூன்று பேர் தொட்டால் குறைந்த பணம் உங்களுடையது என்று யாரும் சொல்ல முடியாது. ஷிப்ட் தொடங்கும்போது எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள்.

குடோன்காரன்

பதினோரு வருடம் ஸ்டோர் மேனேஜராக இருந்துவிட்டு இப்போது கிடங்குப் பக்கம் வந்துவிட்டேன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன்.

மளிகையில் நிகர லாபம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரைதான் தேறும். வாடகையைக் குறைக்க முடியாது, கரன்ட் பில்லைக் குறைக்க முடியாது, குளிர்பெட்டி இருபத்துநாலு மணி நேரமும் ஓடியாக வேண்டும். மேனேஜர் கையில் குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று, ஆட்களின் மணிக்கணக்கு. தலைமை அலுவலகத்திலிருந்து ‘இந்த வாரம் இத்தனை மணி நேரம்’ என்று வரும், அதற்குள் பட்டியல் போட வேண்டும். பட்டியல் ஞாயிறு ராத்திரி வருவதற்கும் பாதி காரணம் அதுதான், மீதிப் பாதி சோம்பல், ஒத்துக்கொள்கிறேன். ஒரு இன்சார்ஜ் இடம் காலியாகி, கடையும் மூடாமல் ஓடினால் மேலே இருப்பவர்களுக்கு அது சேமிப்பாகத்தான் தெரியும். கடை ஓடுவது உங்களால், தம்பி. ஆள் போடாததும் அதனால்தான்.

அதனால் காத்திருக்காதீர்கள். ‘இரண்டு மாதமாக இன்சார்ஜ் வேலை பார்க்கிறேன், அந்தப் பதவியும் சம்பளமும் எனக்கு எந்தத் தேதியிலிருந்து?’ என்று மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். தேதி வந்தால் யோசிக்கலாம், மழுப்பல் வந்தால் அதுவும் பதில்தான்.

அப்புறம், ‘நான் வெறும் பில்லிங்’ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போக அடுக்கத் தெரியும், எக்ஸ்பைரி பார்க்கத் தெரியும், ஸ்டாக் எண்ணத் தெரியும், லோடு வந்தால் இன்வாய்ஸோடு ஒப்பிட்டுக் குறைந்ததைக் குறிக்கத் தெரியும், கடையைத் திறக்கவும் மூடவும் தெரியும். மொத்த விநியோகம், மருந்துக் கிடங்கு, மருத்துவமனை ஸ்டோர் எல்லாம் தேடுவது இதைத்தான். அங்கே ஷிப்டும் பெரும்பாலும் நிலையாக இருக்கும். கால் வலி மட்டும் கூடவே வரும், நல்ல ஷூ வாங்குங்கள்.

ரேக்நம்பர்7

அக்கா, நீங்கள் சொன்னபடி நான்கு நாள் எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் தூக்கம்தான். நாலாவது நாள் வேறு மாதிரி, முதலில் அதைச் சொல்லவே தயங்கினேன். ராத்திரி குளிர்பெட்டி நின்றுபோயிருக்கிறது, காலையில் திறந்தபோது உள்ளே 13 டிகிரி. எத்தனை மணிக்கு நின்றது என்று யாருக்கும் தெரியாது. பால், தயிர் எல்லாம் அப்படியே இருந்தது. மேனேஜர் போனில், ‘மெக்கானிக் வருகிறார், பதிவேட்டில் 4 என்று போட்டுவிடு’ என்றார். போட்டுவிட்டேன். இப்போது அதுதான் உறுத்துகிறது.

குடோன்காரன்

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சம்பளம், ஷிப்ட் எல்லாம் பேரம் பேசுகிற விஷயம், இது அப்படி இல்லை. குளிர்ச் சரக்கு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேலே போனால் கிருமி வேகமாகப் பெருகும். எத்தனை மணி நேரம் குளிர் இல்லாமல் இருந்தது என்றே தெரியாவிட்டால் கழித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகி ஆய்வாளர் வந்தால் அவர் பார்ப்பது பதிவேட்டை, அதில் இருப்பது மேனேஜர் கையெழுத்து இல்லை, உங்களுடையது. அவர் போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

இன்றைக்கே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அன்று காலை நான் பார்த்தது 13, நீங்கள் சொன்னதால் 4 என்று போட்டேன், திருத்த வேண்டும் என்று. அந்தச் சரக்கில் மிச்சம் ரேக்கில் இருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் வேலை தேடுங்கள், ஆனால் நோட்டீஸ் கொடுத்து, கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

நேர்ப்பேச்சு

நான் முதலிலேயே சொன்னேன்.

முன்னாள்கேஷியர்

நீங்கள் சொன்னது ‘நாளைக்கே’, இங்கே சொல்வது ‘ஒழுங்காக’. இரண்டும் ஒன்றில்லை.

ரேக்நம்பர்7

அனுப்பிவிட்டேன். ‘நேரில் பேசலாம்’ என்று பதில், வேறொன்றும் இல்லை. மிச்சம் இருந்த தயிரை எடுத்து, கழிவுப் பட்டியலில் எழுதிவிட்டேன். பாலில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது.

அண்ணா சொன்ன மாதிரி விண்ணப்பத்தை மாற்றி எழுதி ஒரு விநியோகக் கிடங்குக்கு அனுப்பினேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்கு எந்த ஷிப்ட் என்றுதான் தெரியவில்லை. பட்டியல் இன்னும் வரவில்லை.