அம்மா ஆபரேஷனுக்கு 20 நாள் லீவு வேணும், சிஎல்லா (தற்செயல் விடுப்பு) இஎல்லா (ஈட்டிய விடுப்பு) எம்எல்லா (மருத்துவ விடுப்பு)?

புதுகிளார்க்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசுல இளநிலை உதவியாளர், சேந்து நாலு வருஷம் ஆச்சு, ப்ரொபேஷன் முடிஞ்ச ஆர்டரும் கைக்கு வந்துடுச்சு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன், மார்ச்ல தேதி குடுத்துட்டாங்க, வீட்ல பாத்துக்க நான் மட்டும்தான், எப்படியும் 20 நாள் கூடவே இருந்தாகணும். ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பக்கத்து சீட் அண்ணன் "சிஎல் 11 அப்படியே கெடக்குல்ல, அதுல 8 போட்டுட்டு அப்புறம் இஎல்ல கன்டினியூ பண்ணிக்கோ"ங்கறார். பில் போடுற அக்கா "இஎல்ல தொடாத, சரண்டருக்கு (லீவ ஒப்படைச்சு காசு வாங்கறதுக்கு) வச்சுக்கோ, உனக்கே முதுகுவலின்னு சர்டிபிகேட் வாங்கி எம்எல் போட்டுடு"ங்கறாங்க. சூப்பரெண்டு சார் "மார்ச்ல லீவே கெடையாது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். நெசமாவே ரூல் என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழையசூப்பரெண்டு:
தம்பி, நான் ரிட்டயர்டு ஆளு, ரெண்டு ஐடியாவும் தப்பு.

மொதல்ல சிஎல். தற்செயல் விடுப்புங்கறது ரூல்படி பாத்தா லீவே கெடையாது, அந்த நாள்ல நீங்க டியூட்டில இருந்த மாதிரிதான் கணக்கு, அதனாலதான் அத இஎல்லோடயோ எம்எல்லோடயோ ஒட்ட வைக்க முடியாது. வருஷத்துக்கு 12, டிசம்பர் 31 தாண்டுனா மிச்சம் போச்சு. இன்னொண்ணு, நடுவுல வர்ற சனி ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் சேத்து ஒரே மூச்சுல 10 நாளுக்கு மேல சிஎல்ல போக முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெளம்புறீங்கன்னு வைங்க, சனி ஞாயிறு 2, திங்கள்லேர்ந்து வெள்ளி 5, அடுத்த சனி ஞாயிறு 2, ஆக 9 ஆச்சு, அடுத்த திங்கள் பத்தாவது நாள், செவ்வாய் காலைல சீட்ல இருக்கணும். 6 சிஎல்லோட கதை முடிஞ்சுது. எட்டாவது சிஎல் எங்க போடுவீங்க?

எம்எல் உங்க ஒடம்புக்கு மட்டும்தான், அம்மா ஒடம்புக்கு இல்ல. உங்க சர்வீஸுக்கு, அதாவது 2 வருஷம் முடிஞ்சு 5 ஆகாதவங்களுக்கு 90 நாள் வரைக்கும் உண்டு, 20 வருஷம் தாண்டுனா மொத்தம் 540, முழு சம்பளம். கேக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா சாங்ஷன் பண்றவருக்கு சந்தேகம் வந்தா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம். நான் இருந்த ஒரு ஆபீஸ்ல இதே முதுகுவலின்னு ஒருத்தர் போட்டாரு, போர்டுல குனிய சொன்னாங்க, நிமிர சொன்னாங்க, மனுஷன் பழக்க தோஷத்துல டக்குனு குனிஞ்சு செருப்ப மாட்டிட்டு வந்துட்டாரு. அப்புறம் மெமோ, விளக்கம், அந்த நாளெல்லாம் சம்பளமில்லா விடுப்பு. பொய் சர்டிபிகேட்டுக்கு 17 பி, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போக எடம் இருக்கு, நாலு வருஷ சர்வீஸ்ல இது உங்களுக்கு எதுக்கு?

இஎல் போடுங்க, அதுக்குத்தான் அது இருக்கு.

சங்கத்துக்காரன்:
ஐயா சொன்னது சரி, சூப்பரெண்டு மேட்டருக்கு நான் சொல்றேன். லீவ உரிமையா கேக்க முடியாதுன்னு அடிப்படை விதி 67லயே இருக்கு, வேலை கெடும்னா மறுக்கலாம், குடுத்தத கேன்சல் பண்ணி கூப்புடலாம், அதனால அவர் சொன்னது முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது, மார்ச்ல கணக்கு முடிக்கற சமயம் வேற. ஆனா வாயால சொல்ற "கெடையாது"க்கு ஒரு மதிப்பும் இல்ல, நீங்களும் வாயால கேட்டுட்டு நிக்காதீங்க. களஞ்சியம் ஆப்ல (தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான ஆப்) அப்ளை பண்ணுங்க, ஆஸ்பத்திரில குடுத்த அட்மிஷன் தேதி பேப்பர சேருங்க, உங்க சீட்ட யார் பாப்பாங்கன்னு நீங்களே ஒருத்தர பேசி வச்சுட்டு போய் நில்லுங்க, பாதி சண்ட அங்கயே முடிஞ்சுடும். அதே விதில நீங்க கேட்ட லீவோட வகைய அவங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாதுன்னும் இருக்கு, இஎல் கேட்டா இஎல்தான்.

நாள் கணக்கு கவனிங்க. திங்கள்கிழமை ஆரம்பிச்சு மூணாவது வார வெள்ளிக்கிழமை முடிங்க, நடுவுல வர்ற ரெண்டு சனி ஞாயிறு இஎல்லயே கழியும், ஆக 19 நாள். முன்னாடி சனி ஞாயிறும் பின்னாடி சனி ஞாயிறும் விண்ணப்பத்துலயே அனுமதி கேட்டு சேத்துக்கிட்டா அம்மாகூட 23 நாள் இருப்பீங்க.

சரண்டர நெனச்சு இஎல்ல பூட்டி வைக்காதீங்க. கொரோனா வந்த 2020ல நிறுத்துனது, 1.10.2025லேர்ந்துதான் திரும்ப குடுக்கறாங்க, அதுவும் 15 நாள். ஜனவரி 1க்கு 15, ஜூலை 1க்கு 15ன்னு கணக்குல ஏறிட்டேதான் இருக்கும், 240 தாண்டுனா சேராது. எடுக்காம வச்சு என்ன பண்ண போறீங்க.

டீச்சரம்மா:
உங்களுக்காவது வருஷத்துக்கு 30 இஎல், எங்களுக்கு 17தான், கேட்டா "மே மாசம் லீவு இருக்குல்ல"ம்பாங்க. அம்மாவுக்கு ஆபரேஷன மே மாசத்துக்கா தள்ளி வைக்க முடியும்!! எங்க ஸ்கூல்லயும் இந்த எம்எல் அட்வைஸ் ஓடும், கேக்காதீங்க தம்பி.

டெல்லிகணக்கு:
நான் சென்ட்ரல் கவர்ன்மென்ட். அம்மா அப்பாவ பாத்துக்க 30 நாள் புது லீவுன்னு வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது, அத நம்பி யாரும் அப்ளை பண்ணிடாதீங்க. 2025 ஜூலைல ராஜ்யசபால அமைச்சர் ஜிதேந்திர சிங் சொன்னது, ஏற்கெனவே இருக்கற 30 நாள் இஎல்ல பெத்தவங்கள பாத்துக்கறதுக்கும் எடுத்துக்கலாம்ங்கறதுதான், புதுசா ஒண்ணும் இல்ல. அதுவும் எங்களுக்கு. எங்க சிஎல் 8, ஆர்எச் (பண்டிகைக்கு நாமளே தேர்ந்தெடுத்து எடுக்கற வரையறுக்கப்பட்ட விடுப்பு) 2, பாதி சம்பள லீவு வருஷத்துக்கு 20, இஎல் 300 வரைக்கும் சேரும். உங்க சிஎல் 12, ஆர்எச் 3, கணக்கே வேற. யூடியூப்ல ரெண்டையும் கலந்து கட்டி அடிக்கறாங்க.

நைன்மன்த்ஸ்:
நடுவுல ஒரு டவுட், மகப்பேறு விடுப்பு இப்ப 9 மாசமா 12 மாசமா?

பழையசூப்பரெண்டு:
12 மாசம்மா, 1.7.2021லேர்ந்து. அது இஎல்லுல கழியாது.

புதுகிளார்க்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. 19 நாள் இஎல், முன்னும் பின்னும் சனி ஞாயிறு, நேத்து சாங்ஷன் ஆயிடுச்சு. சூப்பரெண்டு சார் கேட்டது ஒரே கேள்வி, "சீட்ட யார் பாக்கறா?" பக்கத்து சீட் அண்ணன் கைய தூக்கிட்டார், சிஎல் ஐடியா சொன்ன அதே அண்ணன்தான். இன்னொரு கூத்து, லீவு கணக்கு பாக்கலாம்னு எஸ்ஆர (பணிப்பதிவேடு) எடுத்து பெரட்டுனா போன ஜூலை 15 நாள் ஏத்தவே இல்ல, 61னு நிக்குது. பில் அக்காகிட்ட காட்டுனேன், "நல்லவேளை சொன்ன, என்னோடதயும் பாக்கணும்"னு அவங்க எஸ்ஆர தேட போய்ட்டாங்க.