புதுப்பிப்பு: அம்மா ஹிரால்டா உச்சிக்கு ஏறிவிட்டார்

முட்டி வலி உள்ள அம்மாவை ஸ்பெயினின் செவில் பேராலயக் கோபுரமான ஹிரால்டாவில் ஏற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும், தாராளமாக.

காரணம், ஹிரால்டாவுக்குள் படிக்கட்டே கிடையாது, உச்சியில் வரும் சில படிகளைத் தவிர. 12ஆம் நூற்றாண்டில் மசூதியின் மினாராக இதைக் கட்டியபோது, தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகும்படி உள்ளே சாய்தளம் அமைத்தார்களாம். மொத்தம் 35 சாய்தளங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் எண் எழுதியிருக்கிறது, அதனால் இன்னும் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, சன்னலோரம் நின்று மூச்சு வாங்கி, அவசரப்படாமல் ஏறினார். ஆனால் இறக்கத்தில்தான் முட்டிக்கு வேலை அதிகம், சுவரைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

மேலே தலைக்கு மேல் பெரிய பெரிய மணிகள். இந்த மணிக்கூண்டு 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் சேர்த்தது. கீழே ஆரஞ்சு மர முற்றம், அந்தப் பக்கம் அல்காசார் அரண்மனைத் தோட்டங்கள், வெள்ளை வீடுகள், தள்ளி குவாதல்கிவிர் ஆறு. அம்மாவுக்கு இறங்க மனமே வரவில்லை!

அப்புறம், கோபுரத்துக்குத் தனி டிக்கெட் வேண்டாம், பேராலய டிக்கெட்டிலேயே அடக்கம். கோடையில் போனால் காலையிலேயே ஏறிவிடுங்கள், செவில் வெயில் சாதாரணமானதல்ல.