அரை யூனிட் ஊசி சென்னையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். சர்க்கரை நோய் உள்ள 8 வயது ஆண் பூனை, 4.6 கிலோ. கிளார்ஜின் இன்சுலின் 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. நேற்று 2 மணி நேரத்துக்கு ஒருதரம் காது நுனியில் குத்திப் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவுகள் (mg/dL): ஊசிக்கு முன் 338, பிறகு 241, 118, 62, 97, 204, 316. மனிதர்களுக்கான சர்க்கரை பார்க்கும் கருவி பூனைக்குக் கொஞ்சம் குறைத்தே காட்டும். இருந்தாலும் 62 பயமுறுத்தும் அளவுக்குக் குறைந்த எண்தான். டாக்டர் அரை யூனிட் போடச் சொல்லிவிட்டார். சிக்கல் அளப்பதில்.

மெடிக்கலில் தருவது 1 மிலி யூ-100 ஊசி (மிலிக்கு 100 யூனிட் உள்ள இந்த மருந்துக்கானது), கோட்டுக்குக் கோடு 2 யூனிட். அதில் அரையைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. சிவப்பு மூடி யூ-40 ஊசியை (மிலிக்கு 40 யூனிட் மருந்துக்கானது) தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்: அதன் 1 கோட்டில் இந்த மருந்து 2.5 யூனிட் ஏறிவிடும். தண்ணீர் கலந்து நீர்க்க வைப்பதும் ஆகாது, கிளார்ஜினின் அமிலத்தன்மை மாறி அது வேலை செய்யும் வேகமே கெட்டுவிடும்.

தேவை: அரை யூனிட் கோடு போட்ட 0.3 மிலி ஊசி, ஊசி முனை 31 கேஜ் பருமன், 8 மிமீ நீளம். 6 மிமீ என்றால் அடர்ந்த முடியில் மருந்து தோலுக்கு வெளியே போய்விடுகிறது, முடி நனைந்திருப்பதை வைத்துத்தான் தெரிகிறது.

குழந்தைகளுக்கான அரை யூனிட் இன்சுலின் பேனாவைப் பூனைக்குப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறீர்களா? எந்தப் பேனாவில் கிளார்ஜின் 3 மிலி கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குப்பி) பொருந்துகிறது? கடைப் பெயர், விலையோடு சொன்னால் நல்லது.