நாய், பூனை கிளினிக் உதவியாளர் சம்பளம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்த என் தங்கைக்குச் சென்னையில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் உதவியாளர் வேலை வந்திருக்கிறது. சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? அரசு கால்நடை பராமரிப்பு உதவியாளருக்கு அடிப்படை ஊதியமே 15,700 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. தனியாரில் அப்படிக் கணக்கு எதுவும் இல்லை.

இரவு ஷிஃப்ட், ஆபரேஷனுக்கு உதவுவது, எக்ஸ்ரே எடுக்கும்போது நாயை அசையாமல் பிடிப்பது, இதற்கெல்லாம் கூடுதலாகத் தருகிறார்களா? ரத்த மாதிரி எடுக்கப் பழகிவிட்டால் சம்பளம் ஏறுமா? அப்புறம், முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ரேபீஸ் தடுப்பூசிச் செலவு யாருடையது? கடிபடும் வேலை, அதனால் இதைச் சேரும் முன்பே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?

வேளச்சேரி, அண்ணா நகர் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.