‘சிப்ப விடுவிப்பு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நரம்பு முனையிலிருந்து, அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருளான நரம்புணர்வு கடத்தி வெளிப்படும் முறையைக் குறிக்க, ‘குவாண்டம் வெளியீடு’ என்பதை விடுத்துச் ‘சிப்ப விடுவிப்பு’ என்று வழங்கலாம் என முன்மொழிகிறேன். குவாண்டம் என்றதும் படிப்பவர் மனம் இயற்பியலுக்குப் போய்விடுகிறது. இங்கே பேசப்படுவதோ, ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகளில் அடைபட்டிருக்கும் வேதிப்பொருள்.

தவளைத் தசையில், நரம்பைத் தூண்டாதபோதும் அரை மில்லிவோல்ட் அளவிலான சிறு மின் துடிப்புகள் தாமாகவே எழுவதை 1952-இல் ஆய்வாளர்கள் ஃபாட்டும் காட்சும் விளக்கி எழுதினர். 1954-இல் டெல் காஸ்டிலோவும் காட்சும், தசை நனைந்திருந்த கரைசலில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டி, நரம்பைத் தூண்டிப் பார்த்தார்கள். சில தூண்டல்களுக்குத் தசையில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் தெரிந்தபோதெல்லாம் அது அச்சிறு துடிப்பின் அளவாகவோ, அதன் இரு மடங்காகவோ, மும்மடங்காகவோ இருந்தது. கால்சியம் குறைந்ததால் குறைந்தது வெளிப்பட்ட நுண்பைகளின் எண்ணிக்கைதான், ஒவ்வொன்றும் விளைவித்த துடிப்பின் அளவு அன்று. நாம் ஆக்கும் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

‘சொட்டு’ என்றால் ஒழுகுவது போலாகிவிடும். ‘பொதி’யின் எடையோ சுமப்பவரைப் பொறுத்து மாறும். அரிசி மண்டியில் 25 கிலோ சிப்பம் என்றால், அது முன்பே நிறுத்துக் கட்டி அடுக்கி வைத்தது. எத்தனை சிப்பம் என்றுதான் கேட்பார்கள். நுண்பைகளில் சற்றே கூடுதல் குறைவு உண்டு என்றாலும், முழுதாக எண்ணப்படுவது என்ற பொருளை இச்சொல் இயல்பாகவே தருகிறது. ஒரு தூண்டலுக்கு எத்தனை என்பதைச் ‘சிப்ப எண்ணிக்கை’ என்றும், ஒன்று விளைவிக்கும் துடிப்பைச் ‘சிப்ப அளவு’ என்றும் பிரித்துச் சொல்லலாம்.

‘வெளியீடு’ புத்தகத்தை நினைவூட்டுவதால் மட்டும் நான் ‘விடுவிப்பு’ என்று சொல்லவில்லை. நுண்பைகள் நரம்பு முனையின் சவ்வை ஒட்டி ஆயத்தமாக நிற்கின்றன. வெளியே உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியமே முனையின் உள்ளே இருப்பதால், தூண்டல் வந்து சவ்விலுள்ள கால்சியம் வாயில் திறந்ததும் அது பாய்ந்து நுழைந்து, சினாப்டோடேக்மின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. ஒரு மில்லிநொடிக்குள் நுண்பை சவ்வோடு கலந்து திறக்கிறது. பிடித்து வைத்ததை விடுவிப்பதாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

1967-இல் ஆய்வாளர்கள் டாட்ஜும் ரஹமிமோஃபும் கண்டதை இச்சொற்களால் எழுதிப் பார்த்தேன்: ‘கால்சியம் குறைவாக உள்ள கரைசலில் கால்சியத்தை இரட்டித்தால், சிப்ப எண்ணிக்கை ஏறத்தாழ 16 மடங்காகும், சிப்ப அளவு மாறாது.’