அஃபிலியேட் இணைப்பு கொடுக்கும் முன், அந்தப் பொருள் உண்மையில் விற்கிறதா என்று எப்படி அறிவது?

தக்கலைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வீடு தக்கலைக்கு அருகில் இருக்கிறது. அப்பா முப்பது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தேன்பெட்டிகளும் வைத்திருக்கிறோம். இந்த இரண்டு வேலைகளைப் பற்றியும் ஓராண்டாக யூடியூபில் காணொளிகள் போட்டு வருகிறேன். ஒரு காணொளியைச் சுமார் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் என்பது கருத்துகளில் அவர்கள் எழுதும் பேச்சிலிருந்தே தெரிகிறது. இனிமேல் காணொளிக்குக் கீழே அஃபிலியேட் இணைப்பு (அதன் வழியே யாராவது பொருள் வாங்கினால் நமக்குப் பங்கு தரும் இணைப்பு) கொடுத்துக் கொஞ்சம் கமிஷன் ஈட்டலாம் என்று எண்ணுகிறேன்.

மூன்று பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டும் ஹெட்லைட். அமேசானில் அதற்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகள் இருக்கின்றன, கடந்த மாதத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வாங்கியதாகவும் காட்டுகிறது. இரண்டாவது, தேன் எடுக்கும் கருவி. அது தன் பிரிவில் நான்காம் இடத்தில் இருக்கிறது. மூன்றாவது, கிளிக்பேங்க் என்ற அஃபிலியேட் விற்பனைத் தளத்தில் உள்ள தேனீ வளர்ப்புப் பயிற்சி ஒன்று. ஆங்கிலத்தில் உள்ளது, விலையில் பாதிக்கு மேல் கமிஷன் தருகிறார்கள், ‘கிராவிட்டி’ என்ற இடத்தில் 30 என்று போட்டிருக்கிறது. இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒரு பொருளைப் பரிந்துரைத்துவிட்டு அது விற்காமல் போனால் வருமானம் மட்டுமல்ல, பார்ப்பவர்களின் நம்பிக்கையும் போய்விடுமே என்று தயங்குகிறேன்.

வடசேரிச்சந்தை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு சமையலறைப் பொருள்களுக்கு ஆறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். நீங்கள் சொன்ன எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுகோல். ஒன்றை வைத்து மற்றொன்றை ஒப்பிட முடியாது.

பிரிவில் நான்காம் இடம் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அதிகம் ஏமாற்றும். அமேசானின் விற்பனைத் தரவரிசை, ஒரு பொருள் அதே பிரிவிலுள்ள மற்றப் பொருள்களைவிட எப்படி விற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை விற்றது என்பதைச் சொல்லாது. சமையலறைப் பிரிவில் நான்காம் இடத்தில் உள்ள பொருளும் தேனீ வளர்ப்புக் கருவிப் பிரிவில் நான்காம் இடத்தில் உள்ள பொருளும் ஒன்றல்ல. வடசேரிச் சந்தையில் நான்காவது பெரிய கடைக்கும் எங்கள் தெருமுனையில் உள்ள நான்காவது கடைக்கும் உள்ள வேறுபாடு அது. மேலும் அந்தத் தரவரிசை அடிக்கடி, பெரும்பாலும் மணிக்கொரு முறை, மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுசெய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மெதுவாக விற்கும் பொருளின் எண் ஒன்றிரண்டு விற்றவுடன் சட்டென்று மேலே ஏறி, பிறகு அடுத்தது விற்கும்வரை நாள்கணக்கில் சரிந்துகொண்டே போகும். நாள்தோறும் விற்கும் பொருளின் எண்ணோ ஒரு சிறிய வரம்புக்குள்ளேயே மேலும் கீழும் ஆடும். நான்கு என்பது உங்கள் நோட்டில் ஒரே ஒரு வேளை மட்டும் வந்திருந்தால், நீங்கள் பார்த்தது அந்த ஏற்றத்தின் உச்சி.

எட்டாயிரம் மதிப்பீடுகளிலும் எச்சரிக்கை தேவை. நிறம், அளவு, பேட்டரி என்று வேறுபடும் வகைகளின் மதிப்பீடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்பது வழக்கம், அதில் நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தையவையும் இருக்கும். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கி, கடந்த முப்பது நாள்களில் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றில் ஒரு நட்சத்திரமும் இரண்டு நட்சத்திரமும் கொடுத்தவர்கள் எழுதியதை முழுமையாக வாசியுங்கள். நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் திரும்பிப் போகும். 450 ரூபாய் விளக்குக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 22 ரூபாய் 50 காசு. பத்து விற்று மூன்று திரும்பினால் கையில் நிற்பது 157 ரூபாய் 50 காசு. கடந்த மாதத்தில் ஐந்நூறு பேர் வாங்கினார்கள் என்ற வரி, எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

கிராவிட்டி என்பது விற்பனை எண்ணிக்கையே அல்ல. கடந்த பன்னிரண்டு வாரங்களில் அந்தப் பொருளை விற்றுக் கமிஷன் பெற்ற தனித்தனி அஃபிலியேட்டுகள் எத்தனை பேர் என்பதைக் காட்டும் அளவு அது. அண்மையில் விற்றவருக்குக் கூடுதல் மதிப்பும் முன்பே விற்றவருக்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கூட்டுவார்கள். ஒருவர் ஒன்றே விற்றாலும் ஐந்நூறு விற்றாலும் அவருடைய பங்கு ஒன்றைத் தாண்டாது. எனவே 30 என்பது பலர் விற்க முடிந்திருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்தான், ஆனால் அவர்கள் யாரிடம் விற்றார்கள் என்பதே உங்களுக்கான கேள்வி. தமிழில் பால் வெட்டும் காணொளி பார்ப்பவர், டாலர் கொடுத்து ஆங்கிலப் பயிற்சி வாங்குவாரா என்பதை அந்த எண் சொல்லாது. என் கருத்து, மூன்றாவதை இப்போதே விட்டுவிடலாம்.

அருமனைத் தேனீ எழுதியது:

மக்களே, வடசேரிக்காரர் கணக்கைச் சொல்லிவிட்டார். பெட்டியைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன்.

நீங்கள் வீட்டில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீயாகத்தான் இருக்கும், அதற்கு நம் பக்கத்தில் பயன்படுத்துவது நியூட்டன் பெட்டி. அதன் புழு அறையில், அதாவது குஞ்சுகள் வளரும் கீழறையில், தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டங்கள் ஏழுதான் இருக்கும், மேலே தேன் அறையில் உள்ள சட்டங்கள் அதனினும் உயரம் குறைந்தவை. வடநாட்டில் பெருவாரியாக வளர்ப்பது இத்தாலியத் தேனீ. அவர்களுடைய லாங்ஸ்ட்ராத் பெட்டியில் சட்டங்கள் நீளமும் உயரமும் கூடியவை. இணையத்தில் முன்வரிசையில் நிற்கும் தேன் எடுக்கும் கருவிகள் பலவும் அந்தப் பெரிய சட்டத்துக்காகச் செய்தவை. அதனுள் நம் சட்டத்தை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், சட்டம் கூண்டில் நிற்காமல் சரிந்து அடை உடைந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கருவியை வரவழைத்து, முதல் நாளே நான்கு அடைகளைப் பாழாக்கி, மெழுகும் தேனும் புழுவுமாகக் கலந்து கிடந்ததை வடிகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். திருப்பி அனுப்பலாம் என்றால், பயன்படுத்திய பொருளை எடுக்க முடியாது என்று விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே அந்தக் கருவி நன்றாக விற்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். பஞ்சாபிலோ பீகாரிலோ விற்கும். உங்கள் காணொளியைப் பார்க்கிறவர்களுக்கு அது பயன்படாது. பொருள் விவரத்தில் சட்டத்தின் அளவு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அளவே போடவில்லை என்றால் அந்தப் பொருளைத் தொடாதீர்கள்.

இன்னொன்று காலம். நம் தேன் பூவிலிருந்து வருவதைவிட, ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பில் ஊறும் மதுவிலிருந்துதான் அதிகம் வருகிறது. அந்தச் சில மாதங்களில்தான் கருவி வாங்க நினைப்பார்கள். மழைக்காலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு விற்கவில்லை என்று சொல்வதும் தவறு, தேன் எடுக்கும் மாதத்தில் விற்றதைப் பார்த்து ஆண்டு முழுவதும் விற்கும் என்று நம்புவதும் தவறு.

தக்கலைக்காரி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சட்டத்தின் அளவை நான் யோசிக்கவே இல்லை. நாங்களும் பக்கத்து வீட்டாரோடு பங்குபோட்டு வாங்கிய பழைய கருவியைத்தான் இன்னும் பயன்படுத்துகிறோம் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஒரு சந்தேகம். எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் தேன் தொடர்பான தேடல்களைப் பார்த்து ஆர்வத்தைக் கணிக்க முடியாதா? பரிந்துரைக்கும் முன்பே உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி ஒன்றும் இல்லையா?

வடசேரிச்சந்தை எழுதியது:

டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் அதிகம் தேடிய நேரத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. அருமனை அண்ணன் சொன்ன பருவ ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அது உதவும், இடத்தைத் தமிழ்நாடு என்று சுருக்கி ஐந்து ஆண்டுகளுக்கு வைத்துப் பாருங்கள். ஆனால் எந்தச் சொல்லைத் தேடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தேன் சாப்பிடுகிறவர்கள், தேனீ வளர்ப்பவர்கள் அல்லர். அவர்களுடைய ஆர்வத்தை நம்பிக் கருவி விற்கப் போனால் கை சுடும்.

பரிந்துரைக்கும் முன் முழு உறுதி கிடைக்காது. பிறருடைய விற்பனையைப் பார்த்து ஒரு பொருளைத் தள்ளிவிடலாம், தேர்ந்தெடுக்க உங்கள் ஆட்களிடம்தான் சோதிக்க வேண்டும். இணைப்புக்கென்று ஒரு தனிக் கண்காணிப்பு அடையாளத்தை (எந்த இணைப்பிலிருந்து ஆர்டர் வந்தது என்று காட்டும் குறி) உருவாக்கி, ஒரே காணொளியின் கீழே மட்டும் போடுங்கள். கிளிக், ஆர்டர், திரும்பியது மூன்றும் அறிக்கையில் வந்துவிடும். எத்தனை கிளிக்குக்குப் பிறகு முடிவெடுப்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உண்மையில் நூறு கிளிக்குக்கு இரண்டு பேர் வாங்கும் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பொருளுக்கும் முதல் ஐம்பது கிளிக்கில் ஒன்றுகூட விற்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. நூற்றைம்பது கிளிக் ஆகியும் ஒன்றும் விற்காமல் போக இருபதில் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே நூற்றைம்பதுக்கு முன் கைவிடாதீர்கள், அதற்குப் பிறகும் பூஜ்யமாகவே நின்றால் அந்தப் பொருளோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அமேசானில் கிளிக் செய்தபின் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடக்கும் ஆர்டர்தான் பொதுவாக உங்கள் கணக்கில் சேரும் என்பதும், அந்த நேரத்துக்குள் அவர் வேறு எதை வாங்கினாலும் பெரும்பாலும் சேரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அறிக்கையில் வரும் ஆர்டர் எல்லாம் விளக்குதான் என்று எண்ணிவிடாதீர்கள். சோதனைக்காகச் சொந்தக்காரர்களை உங்கள் இணைப்பில் வாங்கவைக்க வேண்டாம், அது விதிமீறல்.

மார்த்தாண்டம் கடைக்காரர் எழுதியது:

நான் பால் வெட்டும் கத்தி, சிரட்டை, ஹெட்லைட் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். போட்டிக்காரன் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் விலையைக் காட்டிவிட்டு, இதே விளக்கு உங்களிடம் என்ன விலை என்று கேட்கிறார்கள். பிறகு அதைத் தலையில் மாட்டிப் பார்த்து, பட்டையை இழுத்துப் பார்த்து, இங்கேயே வாங்கிப் போகிறார்கள். கிளிக் கிடைக்கும், ஆர்டர் கிடைக்காது. பால் வெட்டுகிறவர் விலைக்கு முன் கேட்பது இரண்டே கேள்விகள்: ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் மூன்று நான்கு மணி நேரம் வெளிச்சம் மங்காமல் நிற்குமா, மரத்திலிருந்து தண்ணீர் சொட்டினால் கெட்டுப்போகுமா. இந்த இரண்டுக்கும் உங்கள் காணொளியில் பதில் இருந்தால் வாங்குவார்கள். அதற்கு ஒன்றை நீங்களே காசு கொடுத்து வாங்கி, அப்பாவிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிறவர்களின் பின்கோடுக்கு அந்தப் பொருளைக் கொண்டுவந்து தருகிறார்களா, வீட்டில் வந்து பணம் வாங்கிக்கொள்வார்களா என்பதையும் பின்கோடைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தோட்டத்துக்காரர்களில் முன்பணம் கட்டத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர்.

தக்கலைக்காரி எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்னபடி விளக்கை வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். முதல் விளக்கு இரண்டரை மணி நேரத்தில் மங்கிவிட்டது. ஒரு நட்சத்திர விமர்சனங்களில் பாதிப் பேர் இதையே எழுதியிருந்ததை நான் முதலில் வாசிக்கவில்லை. அதே விலையில் வேறொன்று வாங்கினேன். அதற்குக் கடந்த மாதம் ஐம்பது பேர்தான் வாங்கியதாகக் காட்டியது, ஆனால் நாலு மணி நேரம் நிற்கிறது. அதை அதிகாலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் வைத்தே படம்பிடித்து, இணைப்பைக் கொடுத்தேன்.

நேற்று வரை 171 கிளிக். ஆர்டர் ஒன்பது, அவற்றில் விளக்கு ஐந்து. மீதி நான்கில் ஒன்று குக்கர், ஒன்று பள்ளிப்பை, இரண்டு கைப்பேசி உறை. விளக்கில் ஒன்று திரும்பியிருக்கிறது. தேன் கருவியை விட்டுவிட்டேன். நியூட்டன் சட்டத்துக்குப் பொருந்துகிற புகைப்பானும் முகவலையும் கிடைத்தால்—

அருமனைத் தேனீ எழுதியது:

புகைப்பானுக்குச் சட்ட அளவு தேவையில்லை மக்களே, எந்தப் பெட்டிக்கும் ஒன்றுதான். தளிர் வரும் மாதத்துக்கு முன் காணொளியைப் போட்டுவிடுங்கள்.